உடுப்புச் சிறுவாடு

(கம்பத்தில் மகளிர் குழு உறுப்பினர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்றைக்கு வெள்ளன நாலரை மணிக்கு ஜீப்புகள் நிற்கிற இடத்துக்குப் போயிருந்தேன். மலைக்குப் போகிற பெண்கள் தூக்குவாளியும் கையுமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். சேலைக்கு மேல் வீட்டுக்காரருடைய பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் மடித்துச் செருகிய பாலிதீன் தாள். இந்தக் கோலத்தை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். என் அம்மாவும் இப்படித்தான் கிளம்பிப் போனார்.

ஒருத்தி காலில் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். வலது பூட்ஸின் அடிப்பாகம் பிளந்து, சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டியிருந்தது. “ஏத்தா, புதுசு வாங்கலையா?” என்று கேட்டேன். “எங்கிட்டுக்கா வாங்க? புதன்கிழமை குழுக்கடன் கட்டணும். தீவாளிக்குப் பாத்துக்கலாம்” என்றாள்.

இது ஆடி மாதம். தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. மலையில் ஏலக்காய் எடுப்பு இப்போதுதான் தொடங்குகிறது. ஏலத்தில் ஒரு சுற்று எடுத்து முடித்தால் முப்பது, நாற்பது நாளில் அடுத்த சுற்று வந்துவிடும். அப்படியானால் இந்தப் பெண் கிழிந்த பூட்ஸோடு இரண்டு, மூன்று சுற்று எடுக்கப் போகிறாள். மழை, சேறு, அட்டை எல்லாம் அந்தப் பிளவு வழியாகத்தான் உள்ளே போகும். இன்றைக்குப் பேசுவதற்கு வேறொரு விஷயம் தயார் செய்து வைத்திருந்தேன். அந்தப் பூட்ஸைப் பார்த்த பிறகு அதை எடுத்து வைத்துவிட்டேன்.

கடன் கட்டுகிற வீட்டில் எந்தச் செலவு முதலில் வெட்டுப்படுகிறது என்று பாருங்கள். பிள்ளைகளின் நோட்டு வெட்டுப்படுவதில்லை. வீட்டுக்காரரின் டீ, பீடி வெட்டுப்படுவதில்லை. முறைக்காரர் வீட்டு மொய்யும் வெட்டுப்படுவதில்லை. அது மானப் பிரச்சினை. வேலைக்குப் போகிற பெண்ணின் செருப்பு, சட்டை, மழைக்கோட்டு, ஜாக்கெட், இவைதான் முதலில் வெட்டுப்படுகின்றன. “எனக்கென்ன, இருக்கிறதைப் போட்டுக்கிறேன்” என்று அவளே சொல்லிவிடுகிறாள். அவளுக்காக வாதாட அந்த வீட்டில் யாரும் இல்லை. அதனால் நான் வாதாட வந்திருக்கிறேன்.

வேலைக்கு உடுத்துகிற துணியை நாம் நல்லநாள் துணியோடு ஒரே கணக்கில் சேர்த்துவிட்டோம். தப்பு அங்கேதான். கொத்தனார் கரண்டி வாங்கினால் அதைத் தீபாவளிச் செலவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அறுப்புக்குப் போகிறவர் அரிவாளுக்குப் பதம் வைத்தால் ஆடம்பரம் என்று சொல்ல மாட்டார்கள். காய் எடுக்கப் போகிறவளுக்குப் பூட்ஸ் அரிவாள் மாதிரி. மழைக்கோட்டு கரண்டி மாதிரி. அது இல்லாவிட்டால் வேலை நின்றுபோகும், கூலி போகும், கூலி போனால் தவணை நிற்கும்.

நம் பள்ளத்தாக்கில் இது மற்ற ஊர்களைவிடக் கூடுதலாகப் பொருந்துகிறது. கம்பத்தில் நின்றால் ஆடி மாதம் காற்று அடிக்கும், வெயில் இருக்கும், சாரல் எப்போதாவது விழும். மேற்கேயிருந்து வருகிற மழையை மலை தடுத்துக்கொள்கிறது. அதே நேரத்தில் கம்பமெட்டு ஏறி இடுக்கிப் பக்கம் இறங்கினால் மழை விடாமல் ஊற்றும். வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, எல்லாம் ஜீப் தூரம்தான், ஆனால் வேறு பருவநிலை. காலையில் ஒரு பருவத்தில் எழுந்து, இன்னொரு பருவத்தில் வேலை செய்து, சாயங்காலம் பழைய பருவத்துக்குத் திரும்புகிறோம். கீழே உடுத்துகிற துணி மேலே உதவாது. ஒரே ஒரு கூலியில் இரண்டு பருவத்துக்கும் உடுப்பு தேட வேண்டியிருக்கிறது.

ஏலச்செடியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அதில் காய் மேலே தொங்காது. செடியின் தூரிலிருந்து சரம் சரமாகக் கிளம்பித் தரையோடு கிடக்கும். குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, குனிந்து, பழுக்கப் போகிற காயாகப் பார்த்து ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். நாள் முழுக்க ஈரத்தரைக்குப் பக்கத்திலேயே உடம்பு இருக்கும். கால் விரல் இடுக்கில் அட்டை ஏறும். அந்தக் காலத்தில் என் அம்மா புகையிலையைத் தண்ணீரில் ஊறவைத்துச் சுண்ணாம்போடு குழைத்துக் காலில் பூசிக்கொண்டு போவார். மழைக்குச் சாக்கை ஒரு மூலையில் மடித்துக் கொங்காணி போட்டுக்கொள்வார். சாக்கு நனைந்தால் தலையில் ஒரு குடம் தண்ணீரைச் சுமப்பது போல இருக்குமாம். ராத்திரி வந்து அந்தச் சாக்கை அடுப்புக்கு மேல் கட்டியிருந்த கயிற்றில் காயப்போடுவார். காலையில் பாதிதான் காய்ந்திருக்கும். அந்தப் புகை வாசத்தோடேயே மறுபடி போட்டுக்கொண்டு போவார்.

மழையில் நனைகிற தொழிலாளிக்குக் குடையும் கம்பளியும் மழைக்கோட்டும் கொடுக்க முதலாளியைக் கட்டாயப்படுத்தி மாநில அரசுகள் விதி செய்யலாம் என்று 1951-லேயே தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். முதலில் தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா தோட்டங்களுக்கு வந்த அந்தச் சட்டத்துக்குள் பின்னால் ஏலத்தோட்டமும் வந்தது. இப்போது அது 2020-ல் நிறைவேறிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைந்துவிட்டது. ஆனால் சின்னத் தோட்டத்துக்கு, இன்றைக்கு ஒரு தோட்டம் நாளைக்கு ஒரு தோட்டம் என்று ஜீப்பில் போய்வருகிற நாள்கூலிக்கு, அந்தக் குடை வந்து சேரவில்லை. கேட்பது நம் உரிமை. கேட்டுக்கொண்டே இருப்போம். அது வருகிற வரை நனைந்துகொண்டிருக்க முடியாது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். நான் இருபது வருடத்துக்கு மேல் குழுக்களின் நோட்டுகளைப் பார்த்து வந்தவள். அதில் ஒரு நோட்டை இங்கே சொல்லலாமா என்று அந்த நோட்டுக்கு உரிய தங்கச்சியிடமே கேட்டேன். “பேரைச் சொல்லாம சொல்லுங்கக்கா” என்றாள்.

அவளுக்கு நாள்கூலி 500 ரூபாய், மாதம் இருபது நாள் வேலை. வீட்டுக்காரர் கொண்டுவந்து தருவது 8,000. மொத்தம் 18,000. வாரக்கடன் ஒன்று, வாரம் 850. மாதக்கடன் ஒன்று, 2,300. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம் வாங்கிய தண்டல் ஒன்று, தினம் 100. கூட்டிப் பாருங்கள், மாதத்துக்கு 8,700 ரூபாய் கடனுக்கே போகிறது. கூட்டுறவு வங்கியில் வைத்த நகை தனி.

ஒரு குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்துக் கட்டுகிற மாதத்தவணை அந்தக் குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் குறுங்கடன் நிறுவனங்களுக்கு வரம்பு போட்டது. இவளுடையது பாதிக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. காகிதத்தில் பார்த்தால் சரி. ஆனால் அந்த ஜூலை மாதத்துக் கூலிப் பக்கத்தைப் புரட்டினேன். நான்கு கட்டங்கள் காலியாக இருந்தன. இரண்டில் “காச்சல்” என்று எழுதியிருந்தாள். இரண்டில் “கால் புண்ணு”. நான்கு நாளுக்கு 2,000 ரூபாய். அந்த மாதம் அவளுக்குத் தேவைப்பட்டது என்ன என்று உட்கார்ந்து எழுதினோம். பூட்ஸ் 450, நல்ல மழைக்கோட்டு 600, சந்தையில் பழைய முழுக்கைச் சட்டை இரண்டு 200. எல்லாம் சேர்ந்து 1,250. மிச்சம் பிடித்ததாக அவள் நினைத்த 1,250, அவளுடைய 2,000-ஐக் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரிச் செலவை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

பூட்ஸ் 450 என்றால் மலைப்பாகத்தான் இருக்கும். காய் எடுப்புக் காலத்தில் நூறு நாள் போட்டால் ஒரு நாளுக்கு நாலரை ரூபாய். மெட்டு ஏறும்போது குடிக்கிற டீயை விடக் குறைவு. வேலைத்துணியை எப்போதும் இப்படித்தான் பார்க்க வேண்டும். விலையைப் பார்க்காதீர்கள், போடுகிற நாளால் வகுத்துப் பாருங்கள். கல்யாண வீட்டுக்கென்று 1,500 ரூபாய்க்கு எடுத்து வருடத்தில் மூன்று தடவை கட்டுகிற சேலை, ஒரு தடவைக்கு 500. அந்தச் சேலையை எடுக்காதே என்று சொல்லவில்லை. அதற்குக் கடன் வாங்கிவிட்டுப் பூட்ஸைத் தள்ளிப்போடாதே என்கிறேன்.

அந்தத் தங்கச்சிக்கு நான் சொன்னது ஒரே ஒரு வேலை. நம் அம்மாக்கள் அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் சிறுவாடு சேர்த்தார்கள். கடன்காரர் வந்தாலும் அதில் கை வைக்க மாட்டார்கள். அப்படி உடுப்புக்கென்று தனியாக ஒரு சிறுவாடு. வாரம் 60 ரூபாய், கூலி கையில் வந்த சனிக்கிழமையே எடுத்து வைக்க வேண்டும், தவணைக்கு எடுத்து வைப்பதற்கு முன்னால். “கடன் இருக்கும்போது துணிக்குச் சேக்கிறது தப்பில்லையாக்கா?” என்று கேட்டாள். தப்பில்லை. அந்த 60 ரூபாய்தான் மற்ற தவணையைக் கட்டப் போகிற காலுக்குக் காவல். வருடத்துக்கு 3,120 ரூபாய் ஆகும். ஒரு பெண்ணுக்கு மலைக்கான முழு உடுப்பும் அதற்குள் அடங்கி, மிச்சமும் இருக்கும்.

அந்த 60 ரூபாய் எங்கிருந்து வந்தது? வாசலுக்கு வண்டியில் சேலை கொண்டுவருகிற தவணைக்காரரிடம் அவள் வாரம் 50 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தாள். கடையில் 400-க்குக் கிடைக்கிற சேலை, தவணையில் 650. அது முடிந்ததும் அடுத்ததை எடுக்கவில்லை. அந்த 50 ரூபாயோடு 10 ரூபாய் சேர்ந்தது, அவ்வளவுதான். வேலைத்துணியை எந்தக் காரணத்துக்காகவும் தவணையில் வாங்காதீர்கள். துணி கிழிந்த பிறகும் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

தண்டலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது வட்டி மாதிரியே தெரியாது. 10,000 ரூபாய்த் தண்டல் என்று பெயர். கையில் கொடுப்பது 8,500. தினம் 100 வீதம் நூறு நாள். “ஆயிரத்தைந்நூறுதானே” என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்ட ஆரம்பித்துவிடுகிறோம். ஐம்பதாவது நாளில் நம் கையில் அவர் பணம் பாதிதான் இருக்கிறது. குறைந்துகொண்டே வருகிற பாக்கிக்குக் கணக்குப் போட்டால் அது மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்குச் சமம். பத்து வட்டி என்றால் அலறுகிற நாம் தண்டலுக்குச் சிரித்துக்கொண்டே கை நீட்டுகிறோம். நாள் வட்டி, மணி வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் பெயராகக் குறிப்பிட்டே 2003-ல் தமிழ்நாட்டில் தடைச்சட்டம் வந்தது. மிரட்டல் வந்தால் அந்தச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டலைப் பாதியில் அடைத்துப் பெரிய லாபம் இல்லை, பெரும்பாலும் முழுத்தொகையைத்தான் கேட்பார்கள். லாபம், முடிந்ததும் புதுப்பிக்காமல் இருப்பதில் இருக்கிறது. “நல்லாக் கட்டியிருக்கீங்கம்மா, இந்தத் தடவ இருபதாயிரம் தாரேன்” என்று கடைசித் தவணை அன்றைக்கே சொல்வார்கள். அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். இவள் சொன்னாள். அடுத்த மாதத்திலிருந்து மாதம் 3,000 ரூபாய் மூச்சு கிடைத்தது. அதில் முதலில் ரொக்கமாகப் பூட்ஸும் கோட்டும் வாங்கினாள். மிச்சத்தை வாரக்கடனில் தள்ளினாள். அடுத்த ஜூன் மாதப் பள்ளிக்கூடச் செலவுக்குக் குழுவின் சொந்த நிதியிலிருந்து நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் எடுத்துக்கொண்டாள்.

உடுப்புக்கும் கடனுக்கும் இருக்கிற இந்தப் பிணைப்பு நம் ஊரில் மட்டும் உள்ளதல்ல. கார்ல் மார்க்ஸின் பெயர் நம் தொழிற்சங்கத்து ஆட்களுக்கெல்லாம் தெரியும். லண்டனில் கடனில் மூழ்கிக் கிடந்த காலத்தில், 1852 பிப்ரவரியில், அவர் தன் நண்பர் ஏங்கெல்சுக்கு ஒரு கடிதம் எழுதினார். கோட்டு அடகுக் கடையில் இருக்கிறது, அதனால் வெளியே போக முடியவில்லை என்று அதில் இருக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியக வாசக சாலைக்குப் போய்ப் படிப்பதும் குறிப்பெடுப்பதும்தான் அவருடைய வேலை. குளிர்காலத்தில் கோட்டு இல்லாமல் அந்த வேலைக்குப் போக முடியாது. உழைப்பைப் பற்றி உலகத்துக்கே எழுதியவரை வீட்டுக்குள் உட்கார வைத்தது ஒரு கோட்டு. கம்பத்துப் பெண்ணின் பூட்ஸைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு அந்தக் கோட்டு ஞாபகம் வருகிறது.

மலைக்குப் போகாதவர்களும் இங்கே இருக்கிறீர்கள். ஜவுளிக்கடைக்குப் போகிறவர்கள், தனியார் பள்ளிக்கூட டீச்சர்கள், நர்ஸ் வேலை பார்க்கிற பிள்ளைகள். உங்களுக்கு அட்டை கடிக்காது. ஆனால் உங்கள் துணியை நாள் முழுக்க நாலு பேர் பார்ப்பார்கள்.

நான் பத்தொன்பது வயதில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தேன். கடையின் பெயர் வேண்டாம். சேருகிறதற்கு நல்ல செருப்பும் இரண்டு ஜாக்கெட்டும் வேண்டுமென்று அம்மா வட்டிக்கு வாங்கிக் கொடுத்தார். முதல் மாதம் சம்பளக் கவரைப் பிரித்தால் பணம் குறைந்திருந்தது. யூனிஃபார்ம் சேலைக்குப் பிடித்தம் என்றார்கள். இரண்டாவது மாதமும் பிடித்தார்கள். சேர்கிறபோது யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் கவரோடு தெருவில் நின்றது இன்றைக்கும் நெஞ்சில் இருக்கிறது. வட்டிக்காரருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அதனால் வேலைக்குச் சேருகிற பிள்ளைகளே, சம்பளம் எவ்வளவு என்று கேட்கிற அதே மூச்சில், யூனிஃபார்ம் யார் செலவு, எத்தனை செட், வேலையை விட்டால் அந்தப் பணம் என்னாகும் என்று கேட்டுவிடுங்கள். வெட்கப்படாதீர்கள். சட்டத்தில் சொன்ன வகையைத் தவிர வேறு எதற்கும் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்ற விதி 1936-லிருந்தே இந்த நாட்டில் இருக்கிறது. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் நம் சட்டமன்றம் சட்டம் செய்தது. அதையும் கேளுங்கள். பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற காலுக்கு நல்ல செருப்பும் வேலைத்துணிதான்.

டீச்சர்மார்களுக்குச் சேலையை விட ஜாக்கெட்தான் செலவு. 350 ரூபாய்ச் சேலைக்குத் துணி, லைனிங், தையல்கூலி என்று அதே அளவு போய்விடுகிறது. ஒவ்வொரு சேலைக்கும் ஒரு மேட்சிங் ஜாக்கெட் என்ற கணக்கைக் கடன் முடிகிற வரை விட்டுவிடுங்கள். கறுப்பு ஒன்று, அரக்கு ஒன்று, சந்தன நிறம் ஒன்று. மூன்றையும் அளவாகத் தைத்து, பக்கத்தில் பிரித்துவிடத் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். ஆறு, ஏழு சேலைக்கு ஓடும். ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் நெய்கிற பருத்திச் சேலை நம் வெயிலுக்கும் வகுப்பறைக்கும் அவ்வளவு நன்றாக இருக்கும். நம் மாவட்டத்து நெசவாளிக்கும் கூலி போகும். மலைக்கு மட்டும் அது வேண்டாம். நனைந்தால் கனக்கும், ராத்திரிக்குள் காயாது. பருத்தி மேல் எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தாலும், காய் எடுக்கப் போகிறவளுக்குச் சீக்கிரம் காய்கிற பாலியெஸ்டரைத்தான் சொல்வேன்.

கோ-ஆப்டெக்ஸ் கடையில் மாதச்சந்தா கட்டிச் சேர்த்து, முடிவில் அவர்களும் ஒரு பங்கு போட்டுத் துணி எடுக்கிற சேமிப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. தீபாவளிச் சேலைக்கு அது நல்ல வழி. கடைக்குப் போய் இப்போதைய விவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். மதுரை அழகர்கோயில் பக்கத்துக் கிராமத்துச் சின்னப்பிள்ளை அம்மாவை உங்களுக்குத் தெரியும். வயல்கூலி வேலை பார்த்தவர். களஞ்சியம் இயக்கத்தில் பெண்களைச் சேர்த்து, வட்டிக்காரரின் வாசலுக்குப் போகாமல் இருக்க வழி செய்தவர். 2001-ல் டெல்லியில் விருது வாங்கப் போனபோது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டார். 2019-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தக் களஞ்சியம் தொடங்கியது சின்னச் சின்னத் தொகையில்தான். இன்றைக்கு நம் குழுக்களில் ஆடு வாங்க, மாடு வாங்க, கடை வைக்கக் கடன் தருகிறோம். 1,000 ரூபாய் உடுப்புக்குக் கேட்டால் “இதெல்லாம் ஒரு காரணமா” என்று சிரிக்கிறோம். சிரிக்காதீர்கள். ஆனியிலேயே உறுப்பினர்களிடம் யாருக்குப் பூட்ஸ் வேண்டும், யாருக்குக் கோட்டு வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள். இருபது பேருக்குச் சேர்த்து ஒரே கடையில் எடுத்தால் விலை குறைத்துக் கேட்கலாம். பணம் இல்லாதவளுக்குக் குழு கொடுக்கட்டும், பத்து வாரத்தில் திருப்பிக் கட்டட்டும். மழை வந்த பிறகு எடுக்கிற கோட்டு நனைந்த பிறகுதான் வீடு வந்து சேரும்.

காலையில் பார்த்த அந்தப் பெண் இந்நேரம் மெட்டு இறங்கிக்கொண்டிருப்பாள். அவள் எந்தக் குழு என்று கேட்டு வைத்திருக்கிறேன். அவளுடைய குழுத்தலைவி இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். யக்கா, கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள், ஒரு அஞ்சு நிமிஷம் பேச வேண்டும். நோட்டு கொண்டுவந்திருக்கிறவர்கள் அப்படியே இந்த மேசைக்கு வாருங்கள். ஜூலை மாதப் பக்கத்தை முதலில் பிரித்து வையுங்கள்.